சொல்ல முடியாது என்று சொல்வது எப்படி

வக்கீல்களுக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிறவன் நான். சிரிக்க வேண்டாம். மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கவும் இந்தக் காலத்தில் ஆள் வைக்கிறார்கள். வக்கீல் தொழிலுக்கு நடத்தை விதிகள் வகுக்கிற கவுன்சில் ஒன்று உண்டு. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் அதற்கு ஞானம் பிறக்கும், விதிகளை மாற்றும். மாறிய விதி அமலுக்கு வருமுன் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, எது மாறுகிறது, எதில் மாட்டிக்கொள்வீர்கள், மாட்டாமலிருக்க என்ன வழி என்று பாடம் நடத்துவேன். முடிவில், 'இந்த ஆபீஸ் புது விதிக்குத் தயார்' என்று ஓர் அறிக்கை கொடுப்பேன்.

நான் வக்கீல் அல்ல. கடைக்காரக் குடும்பம். எங்கள் வீட்டுக் குழந்தை முதலில் 'அம்மா' என்னும். இரண்டாவது வார்த்தை 'கட்டாது'. பேரம் பேசிப் பழகிய வாய்க்கு வக்கீல்களிடம் பேசுவது சிரமமே இல்லை. அவர்களும் விலை சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார்கள்.

இந்தக் கதையில் வருகிற ஆபீஸ் எனக்குக் கிடைத்ததே என் அக்காவின் சாமர்த்தியத்தால். தன் கேஸைக் கொடுக்கப் போன இடத்தில் ஃபீஸ் அதிகம் என்று தோன்றியிருக்கிறது. "என் தம்பி புது விதிக்கெல்லாம் பாடம் எடுக்கறவன். அவனைக் கூப்பிடுங்க. அவன் உங்களுக்குக் குறைச்சுக்குவான், நீங்க எனக்குக் குறைச்சுக்கங்க" என்றிருக்கிறாள். என் கூலியில் அவள் தள்ளுபடி வாங்கினாள். எனக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது.

அக்காவின் கேஸ் இதுதான். ஒரு கட்டிடத்தின் தரைத்தளத்தில் அவளுக்குத் தையல் சாமான் கடை. பொத்தான், ஜிப், லேஸ், எலாஸ்டிக். ஒவ்வொரு அட்டைப் பெட்டியின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பொத்தானில் ஒன்று தைத்திருக்கும். தெருவில் இருக்கிற தையல்காரர்கள் பாதிச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிவந்து வாங்கிப் போவார்கள். ரெண்டு தெரு தள்ளிக் கடையை மாற்றினால் ஒருவரும் வரமாட்டார்கள். அத்தான் போன பிறகு அவளுக்கு வீடு, வாசல், பேச்சுத்துணை எல்லாம் அந்தக் கடைதான். கட்டிட ஓனர், தெருவில் அவருக்கு 'நாலு மாடி' என்று பெயர், 'சொந்த உபயோகத்துக்கு இடம் வேண்டும், காலி செய்' என்று கேஸ் போட்டுவிட்டார். அடுத்த வாரம் விசாரணை. தோற்றால் கடை போச்சு.

ஆபீஸில் இரண்டு வக்கீல்கள். பெரிய வக்கீல், அவருடைய மருமகள் சின்ன வக்கீல். பெரியவர் கோர்ட்டில் புலி. வெளியே வந்தால் பொதுக் குழாய். யார் திறந்தாலும் சட்டம் கொட்டும். லிஃப்டில் கேட்பார்கள், பல் டாக்டர் வாசலில் கேட்பார்கள், சலூன் நாற்காலியில் கேட்பார்கள், சொல்லிவிடுவார். தரைத்தளத்தில் லிஃப்டு ஏறினவன் ஐந்தாம் மாடியில் இறங்குவதற்குள் அண்ணனோடு சொத்துப் பிரித்துக்கொண்டிருப்பான். அதைச் சுட்டிக்காட்டினால், "அதெல்லாம் வேலையா சார்? சும்மா பேச்சு" என்பார்.

புது விதி கை வைத்ததே அந்தச் சும்மாப் பேச்சில்தான்.

"இனிமே ஒருத்தர் உங்களை வக்கீல்னு நம்பி எதையாவது கேட்டுட்டா, அவர் சொன்னது ரகசியம் சார். ஃபீஸ் வாங்கினாலும் வாங்காட்டியும்" என்றேன், காலை வகுப்பில்.

"ஃபீஸ் வாங்காம ரகசியத்தை மட்டும் காப்பாத்தணுமா? இது ரொம்ப அநியாயமா இருக்கே!"

"ஃபீஸ் வாங்காம இத்தனை வருஷம் பேசினீங்களே மாமா, அது அதைவிட அநியாயம்" என்றாள் மருமகள், தலை நிமிராமல்.

"பாவம்மா, கேக்கறானே."

"கேட்டவன் நாளைக்கு நம்ம கட்சிக்காரருக்கு எதிராளியா வந்து நின்னா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஸ்லைடைப் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்த ஸ்லைடு. மூன்றே வரி. சொல்லக் கூடியதைத் தெளிவாகச் சொல். சொல்லக் கூடாததைச் 'சொல்ல முடியாது' என்று சொல். எக்காரணம் கொண்டும் பொய் சொல்லாதே.

"அற்புதம்!" என்றார் பெரியவர். வாய்விட்டு இரண்டு முறை படித்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒன்றைக் கற்றுக்கொண்டது எனக்கே பெருமையாக இருந்தது.

மதியம் ஒத்திகை. கையிலிருக்கிற ஒவ்வொரு கேஸாக மருமகள் வாசிப்பாள். எதிராளியிடமிருந்து எப்போதாவது எதையாவது கேட்டதுண்டா என்று பெரியவர் யோசித்துச் சொல்வார். 'பொத்தான் கடை' என்று அவள் ஆரம்பித்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"அது எங்க அக்கா கேஸ். நான் இருக்கக் கூடாது."

"குடும்பத்து ஆள் இருந்தா இன்னும் நல்லதாச்சே" என்றார் பெரியவர். காலையிலிருந்து நான் நடத்திய பாடத்தின் லட்சணம் அது.

வெளியே போய்த் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் நின்றேன். நடுவில் கண்ணாடிக் கதவு. சத்தம் வராது, முகம் தெரியும். மருமகள் ஏதோ கேட்டாள். பெரியவர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அவள் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. அந்த மனிதர் அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

மருமகள் வெளியே வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நின்றாள்.

"சார், ஒரு பொதுவான கேள்வி."

"கேளுங்கம்மா."

"ஒரு வக்கீல். எந்த வக்கீலோ."

"சரி."

"அவர் ஷேவ் பண்ணிக்கப் போறார். பக்கத்து நாற்காலியில மூஞ்சி முழுக்க நுரையோட ஒருத்தர். 'என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை சார்'னு ஆரம்பிக்கிறார். இவரும் பதில் சொல்லிட்டார். நுரையைத் துடைச்சப்புறம்தான் ஆள் யாருன்னு தெரிஞ்சுது."

"யாரு?"

"பொதுவான ஒரு ஆள்."

"அதுக்குள்ள அந்த வக்கீல்..."

"ஏற்கெனவே ஒரு பொதுவான அம்மாவோட கேஸை எடுத்துட்டார். இந்த ஆளுக்கு எதிரா."

அந்தப் பொதுவான அம்மா என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கடை பார்த்தவள். ஆனால் நான் அதைக் கவனித்தவனாகக் காட்டிக்கொள்ள முடியாது. ஆபீஸில் கேட்பது எதுவும் வெளியே போகாது என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"அந்த வக்கீல் ஏன் உடனே சொல்லலை?"

"சலூன்ல பேசினது கேஸ்னு அவருக்குத் தோணவே இல்லையாம். சும்மா பேச்சாம். இன்னிக்கு உங்க வகுப்பைக் கேட்டப்புறம்தான்..." அவள் நிறுத்தினாள். "அப்படின்னு அந்தப் பொதுவான வக்கீல் நினைச்சிருக்கலாம்."

"சரி, இப்ப அவர் என்ன செய்யணும்?"

"அதைச் சொல்றதுக்குத்தானே சார் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்?"

வாஸ்தவம். எனக்குத்தான் தெரியவில்லை. பேச்சு நடந்தது பழைய விதிக் காலத்தில். விசாரணை வரப்போவது புது விதிக் காலத்தில். கேட்டவர் ஃப்ரெண்டுக்காகக் கேட்டார். அப்படியானால் ரகசியம் ஃப்ரெண்டுடையதா, கேட்டவருடையதா? ஃப்ரெண்டே இல்லை என்றால்? அக்காவிடம் அவளுக்கு முக்கியமான எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று ஒரு விதி. நுரை ஆசாமி சொன்ன எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டு விதியும் அடுத்தடுத்த பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓரகத்திகள்போல உட்கார்ந்திருக்கின்றன.

கவுன்சிலின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஓர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டாயம் விலகணும்" என்றார். சந்தேகத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். ஓர் ஆள் எடுத்தார். "விலகினா கட்சிக்காரரை நடுத்தெருவுல விட்ட மாதிரி ஆயிடுமே" என்றார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அதே ஆள் குரலைத் தாழ்த்தி, "சார், இது உங்களுக்கா, உங்க ஃப்ரெண்டுக்கா?" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

மாமனாரும் மருமகளும் கூடிப் பேசி, விலகுவது என்று முடிவெடுத்தார்கள். வேறொரு நல்ல வக்கீலைப் பேசி வைத்தார்கள். வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுப்பது என்றும் முடிவு. மறுநாள் அக்காவை வரச்சொன்னார்கள். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வரக் கூடாதுக்கா."

"அக்கா கூட வர்றதுக்கு எந்த விதிடா குறுக்க நிக்குது? அவங்க கவுன்சில்ல யாருக்கும் அக்கா கிடையாதா?"

பெரிய வக்கீல் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டு வந்த பையனுக்கு இருக்கிற களை முகத்தில்.

"அம்மா, உங்க கேஸை எங்களால நடத்த முடியாது. வேற நல்ல வக்கீல் ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

அக்கா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பேரத்துக்கு உட்கார்ந்தால் அவள் முதலில் செய்கிற காரியம் அது.

"ஏங்க?"

"சொல்ல முடியாதும்மா."

"விசாரணை அடுத்த வாரம். கடை போயிடும்னு தெரியுமில்ல?"

"தெரியும்மா. அதான் மனசு கேக்கலை."

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சேச்சே, நல்லா இருக்கேன்."

"ஃபீஸ் பத்தலையா? நான் ரொம்ப அடிச்சுப் பேசிட்டேனா?"

"இல்லவே இல்லம்மா."

"ஜட்ஜு உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை."

"கேஸ்ல நம்ம பக்கம் ஓட்டை இருக்கா?"

"இல்லை. கேஸ் நல்ல கேஸ்."

"நாலு மாடி உங்ககிட்ட வந்து எதாவது பேசினாரா?"

"சொல்ல முடியாது" என்றார் பெரியவர், கணீரென்று.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் மட்டும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சொல்லக் கூடியதைத் தெளிவாகச் சொன்னார். சொல்லக் கூடாததைச் சொல்ல முடியாது என்று சொன்னார். பொய் ஒன்றுகூட இல்லை. என் மூன்று வரியையும் வரி பிசகாமல் நடத்திக் காட்டிவிட்டார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சரிங்க. ரொம்ப நன்றி" என்றாள்.

மாடிப்படியில் இறங்கும்போது என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அவர் எதுவும் சொல்லலை. சரியா?"

"சரி."

"நீயும் எதுவும் சொல்லலை."

"சொல்லலைக்கா."

"கேஸ் நல்ல கேஸு. உடம்பு நல்லா இருக்கு. காசு பிரச்சினை இல்லை. ஆனா ஓடறார்." இரண்டு படி இறங்கினாள். "கடைக்காரன் திடீர்னு ஒரு சாமானை எடுத்து உள்ள வச்சிட்டான்னா என்னடா அர்த்தம்?"

"அதுக்கு விலை ஏறப்போகுதுன்னு."

"என்ன சாமான்னு தெரியலையே" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை என்பது அவள் முகத்தில் இருந்தது. என் முகத்திலும் அதுவேதான் இருந்திருக்கும்.

அன்று சாயந்திரமே நாலு மாடியைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினாள். நான் ஜிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதுதான் முறை. ஆனால் போகிற வழியை நாலு மாடி அடைத்துக்கொண்டு நின்றார். அவர் சற்று அகலமானவர்.

"என்னம்மா, காலி பண்ற முடிவுக்கு வந்துட்டீங்களா?"

"வக்கீல் விலகிட்டாருங்க."

"அடடா!" என்றார், வருத்தத்தை எங்கே வைத்தோம் என்று தேடியபடி. "ஏனாம்?"

"சொல்ல முடியாதுன்னுட்டார்."

"அவரா? ஒரு அம்மாதானே உங்க வக்கீல்? காகிதமெல்லாம் அந்த அம்மா கையெழுத்துலதானே வந்தது?"

"அது மருமக. பேசினது, பாத்தது எல்லாம் மாமனார்தான். பெரிய வக்கீல்."

நாலு மாடி எலாஸ்டிக் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டார். அது உட்காருகிற இடம் அல்ல. ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அந்த அம்மாவும் சலூன் வக்கீலும் ஒரே ஆபீஸ் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவர்... என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லலைங்க."

"ஒண்ணுமேவா?"

"சத்தியமா ஒண்ணுமே சொல்லலை."

அக்கா சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் கடைக்காரர் வாயிலிருந்து 'சத்தியமா' வந்தால் உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. எத்தனை தலைமுறையாகச் 'சத்தியமா அசல் விலைதான்' என்று சொல்லி வருகிறோம்!

"என் ஃப்ரெண்டு விஷயமா எதாவது...?"

"உங்க ஃப்ரெண்டு யாருங்க?"

"யாரும் இல்லை, யாரும் இல்லை" என்று அவசரமாகச் சொன்னார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இதோ பாருங்க, நமக்குள்ள எதுக்கு கோர்ட்டு கேஸு? ஒரு வருஷம் இருந்துக்கங்க."

அக்கா லேஸ் சுருளைப் பிரித்து அளந்துகொண்டிருந்தாள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் அளந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவருக்கு அது 'கட்டாது' என்று கேட்டிருக்கிறது.

"ரெண்டு."

அக்கா லேஸை மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.

"சரிம்மா, அஞ்சு! அஞ்சு வருஷத்துக்கு எழுதியே குடுத்துடறேன். கேஸை வாபஸ் வாங்கிடறேன். ஆனா அந்தப் பேச்சு மட்டும்..."

"எந்தப் பேச்சுங்க?"

"அதேதான்! அப்படியே இருங்க!" என்று கும்பிட்டார்.

விற்கிற சரக்கு என்ன என்று தெரியாமலே விலை பேசி முடித்தது எங்கள் பரம்பரையில் அக்கா ஒருத்திதான். வாங்கியவருக்கும் தெரியாது, அவர் வாங்கியது காலிப் பெட்டி என்று. அவர் வெளியே போகிற நேரத்தில் அவளுக்கே தாங்கவில்லை.

"வாடகையை வேணும்னா கொஞ்சம் ஏத்திக்கங்க" என்றாள்.

அவர் திரும்பினார். அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது. "எதுக்கும்மா?"

"மனசுக்குத்தாங்க."

"வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது அக்கா பிடிவாதமாக ஏற்ற வைத்தாள். கேஸ் வாபஸ் ஆனது. கடை நிலைத்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று மாலை சின்ன வக்கீல் எனக்கு ஃபோன் செய்தாள்.

"சார், அந்தப் பொதுவான ஆள் ஆபீஸுக்கு வந்தார். மாமாவைப் பாத்து 'வாயை விட்டுட்டீங்களே'ன்னு கத்தினார். கொஞ்ச நேரம் கழிச்சு 'இல்ல, நீங்க விட்டிருந்தா அந்த அம்மா இன்னும் ஜாஸ்தி கேட்டிருக்குமே, நீங்க மனுஷன் சார்'னு கையைப் பிடிச்சுக்கிட்டார். இப்ப மாமா சொன்னாரா, சொல்லலையா?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"ஒவ்வொரு கேள்வியாப் பாத்தா எதுவும் சொல்லலை. மொத்தமாப் பாத்தா எல்லாம் சொல்லிட்டார். கவுன்சிலுக்கு நாங்களே எழுதித் தெரிவிக்கணுமா?"

"மாமா என்ன சொல்றார்?"

"எதைக் கேட்டாலும் 'சொல்ல முடியாது'ங்கறார். காபி வேணுமான்னு கேட்டேன், அதுக்கும்."

அந்த ஆபீஸுக்கான அறிக்கை என் லேப்டாப்பில் திறந்து கிடந்தது. 'தயார்' என்று போடுவதா, 'தயாரில்லை' என்று போடுவதா? நான் கற்பித்ததை ஒரு எழுத்து விடாமல் செய்தவருக்கு எதைப் போடுவது? மடக்கி வைத்துவிட்டு அக்கா கடைக்கு நடந்தேன்.

அவள் புது ஒப்பந்தத்தை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். இருந்தாள்தான்; ஆனால் புருவம் சுருங்கியிருந்தது.

"டேய், ஒண்ணு கேக்கறேன். நீ இதுக்கெல்லாம் படிச்சவன். நான் அந்த ஆளை ஏமாத்திட்டேனா?"

அவள் என்னிடம் இதுவரை எதற்கும் யோசனை கேட்டதில்லை; எல்லாம் சொல்லித்தான் பழக்கம். இந்தக் கேள்விக்கென்றே அறைநிறைய வக்கீல்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறவன் நான்.

"பொய் சொன்னியா?"

"இல்லை."

"மிரட்டினியா?"

"லேஸ்தான் அளந்தேன்."

"அப்ப..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு தையல்காரர் கோட்டின் ஒரு பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அக்கா, இதுக்குப் பொருந்தற மாதிரி பழுப்புல ஆறு." அவள் பெட்டிகளின் முகப்பில் விரலை ஓட்டி ஒன்றை இழுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வேறொன்றை இழுத்தாள்.

"நில்லு, போயிடாதே. நீ பதில் சொல்லலை" என்றாள் என்னிடம், பொத்தானை எண்ணியபடியே.

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.